அடுத்தவர் காது விற்பனைக்கு

பியோ கும்ரானுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதிதான். தென் கொரியாவின் தேகு நகரத்தில் விசைத்தறி ஆலைகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் தறிக்கு முன்னால் நின்றவள். ஆலையை மூடியபோது ஆளுக்கொரு துவாலைப் பெட்டியும் ஒரு நன்றிக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். போன காதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

"தறி நின்னப்புறம்தான் எனக்குக் காது கேக்கலைங்கிறதே தெரிஞ்சுது. அதுவரைக்கும் உலகமே அப்படித்தான் இரையுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்பாள்.

எனக்கு அவளை விட எட்டு வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வருடமாக அடுத்தடுத்த நாற்காலி. ஒன்பதாவது மாடியில், ஜன்னல் திறக்க முடியாத ஓர் அலுவலகம். பழைய பொருட்களை வாங்க, விற்க ஓர் ஆப் இருக்கிறது. நாட்டில் பாதிப் பேரின் கைபேசியில் இருப்பது, பெயர் வேண்டாம். அந்த நிறுவனத்துக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்கிற நாற்பது பெண்களில் நாங்கள் இருவர். யாராவது ஒரு விளம்பரத்தின் மேல் புகார் கொடுத்தால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். விற்றவனும் வாங்கியவனும் எழுதிக்கொண்டதைப் படிக்க வேண்டும். தப்பு என்றால் தூக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் கேட்டால், அந்த ஆளின் கணக்கு, வங்கி எண், பார்சல் அனுப்பிய கடை எல்லாவற்றையும் திரட்டி மேலே கொடுக்க வேண்டும். எத்தனையோ மோசடிக்காரர்கள் எங்கள் காகிதத்தால் பிடிபட்டிருக்கிறார்கள்.

கேட்க நல்ல வேலை போலத்தான் இருக்கும். செய்து பார்த்தால்தான் அந்த நாற்றம் தெரியும். நடக்க முடியாத மகளுக்கு ஒரு பழைய சக்கர நாற்காலி வாங்கப் பணம் அனுப்பினாள் ஒரு தாய். விற்றவன் பெட்டியில் செங்கல் வைத்து அனுப்பினான். அவள் கெஞ்சி எழுதிய பன்னிரண்டு செய்திக்கும் பதிலாக, ஒரு வரி நிறைய வெறும் சிரிப்பு எழுத்துகளை அடித்துவிட்டு, அவள் மேலும் எழுத முடியாதபடி தடுத்துவிட்டான். அதைப் படித்த அன்று கும்ரான் அக்கா ஈரக் காகிதத்தை எடுத்துத் திரையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மணிக்கு அந்தத் துடைப்பு உண்டு.

"திரையில ஒன்னும் ஒட்டியிருக்காதுன்னு எனக்கும் தெரியும் இன்சுக். ஆனா துடைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குது" என்றாள்.

போன வருடம் நவம்பரில், வீட்டுக்கு வீடு கிம்சி ஊறுகாய் போட முட்டைக்கோசு வாங்கிக் குவித்த வாரம் அது. காலையில் அவள் திரையில் ஒரு விளம்பரம் வந்தது. "ஒலி பெருக்கும் சிறு கருவி. புதிது போல இருக்கிறது." காது மெஷினை எங்கள் ஆப்பில் விற்கக் கூடாது; அது மருத்துவக் கருவி. அதனால்தான் அப்படி ஒரு பெயர். வழக்கமாக இரண்டு நொடியில் தூக்கிவிட்டு அடுத்ததற்குப் போவோம். அக்கா போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"இதைப் பாரு."

காது மெஷினோடு சேர்ந்து, காதுக்குள் பொருந்தும் மோல்டும் இருந்தது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ரப்பர் துண்டு, காதுமடலின் நெளிவுகளை அப்படியே எடுத்த அச்சு. அதன் துளையில் மஞ்சளும் பழுப்புமாகக் குறும்பி அடைத்திருந்தது.

அக்கா தன் வலது காதிலிருந்து மெஷினைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாள். அவளுடையதிலும் அதே மாதிரி மோல்டு.

"இது ஒருத்தர் காதுக்கு மட்டும்தான் பொருந்தும். கடையில மாவு மாதிரி ஒன்னைக் காதுக்குள்ள விட்டு அச்செடுத்துச் செய்வாங்க. என்னோடதை உன் காதுல வெச்சா வலி உயிர் போயிடும். வேணாம்னு விக்கிறவன் இதைக் கழட்டி எறிஞ்சிட்டுத்தானே விப்பான்? குறும்பியைக்கூட எடுக்கலை."

அவள் மெஷினைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டதும், "செத்துப்போனவங்களோடதா இருக்கும்க்கா" என்றேன்.

"அப்படித்தான் எழுதியிருக்கான். தாத்தா இறந்துட்டாராம்."

அதே ஆளின் பழைய விளம்பரங்களைத் தேடினாள். கணக்கு புதிது. ஆனால் படத்தில் பின்னால் தெரிந்த வெளிர்நீலத் தட்டு வேறொரு கணக்கிலும் இருந்தது. அதற்கு முன் இன்னொன்றிலும். மூன்று கணக்கு, பத்து மாதம், பதினான்கு காது மெஷின். ஒவ்வொன்றிலும் மோல்டு. ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒன்றின் ஓரம் பல்லால் கடித்ததுபோல. பதினான்கு வேறு வேறு காது.

"ஒருத்தனுக்குப் பதினாலு தாத்தாவா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "இது எல்லாம் உயிரோட இருக்கிற காது" என்றாள்.

எங்கள் டீம் லீடர் தாக், முப்பத்தைந்து வயதுக்காரர். கெட்டவர் இல்லை, நாளுக்கு முடிக்கும் புகார்களின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதே அவர் கவலை. வந்து பார்த்தார்.

"தடை செய்யப்பட்ட பொருள். தூக்கிடுங்க மேடம். அவ்வளவுதானே?"

"தூக்கினா நாளைக்கு நாலாவது கணக்கு திறப்பான் சார். ஏற்கெனவே ரெண்டு தடவை நாமே தூக்கியிருக்கோம். தடயத்தை அழிச்சு அவனுக்கு நாம உதவிதான் பண்ணியிருக்கோம்."

"போலீஸ்கிட்டேருந்து காகிதம் வராம நாம யார் விவரத்தையும் தர முடியாது. தெரியும்ல?"

"தர வேணாம் சார். மூனு நாள் இந்த விளம்பரத்தைத் தூக்காம, யாரும் வாங்க முடியாதபடி பரிசீலனையில வெச்சிருங்க. அது போதும்."

தாக் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். குறும்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூனு நாள்தான்" என்றார்.

அலுவலகத் தகவலை வெளியே எடுத்துப் போனால் வேலை போய்விடும். அக்கா எடுத்துப் போகவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடிய அந்த விளம்பரத்தைக் காலையிலேயே தன் சொந்தக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் காவல் நிலையத்துக்கு நடந்தாள். நானும் போனேன்.

இணையக் குற்றப் பிரிவில் யோம் என்ற துப்பறிவாளர் இருந்தார். உதடு வெடித்து, கண் சிவந்து, மேசையில் முழங்கை வைக்க இடமில்லாத அளவுக்குக் கோப்புகள்.

"யாராவது புகார் கொடுத்தாங்களாம்மா?" என்றார்.

"இல்ல சார்."

"தொலைஞ்சவங்க வந்து தொலைஞ்சுதுன்னு சொன்னாத்தானே கேஸ்?"

"காது கேக்காதவங்க எப்படி சார் ஃபோன் பண்ணிப் புகார் கொடுப்பாங்க?"

யோம் நிமிர்ந்து பார்த்தார். அக்கா அவருக்கு நன்றாகத் தெரியும்படி தலையைத் திருப்பித் தன் காதைக் காட்டினாள். "என்னோடது ஒரு நாள் காணோம்னா, என் பக்கத்துல நின்னு நீங்க கத்தினாலும் நான் சும்மா உங்க வாயைத்தான் பார்த்துட்டு நிப்பேன். பாக்கிறவங்க என்னைப் பைத்தியம்னு நெனப்பாங்க." பிறகு கைபேசியில் படத்தை விரித்தாள். மெஷினின் உள்பக்கம் பொடி எழுத்தில் ஒரு எண் இருந்தது. "செஞ்ச கம்பெனிக்கு இந்த நம்பர் யாரோடதுன்னு தெரியும். அதை மட்டும் கேட்டுப் பாருங்க."

அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

மூன்று நாள் கழிந்தது. தாக் ஒன்றும் கேட்கவில்லை. விளம்பரம் பரிசீலனையிலேயே கிடந்தது. ஆறாம் நாள் யோம் அக்காவைக் கூப்பிட்டார். அந்த எண் க்வாக் புன்னே என்ற எண்பத்துநான்கு வயது அம்மாளுடையது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு முதியோர் மருத்துவமனையில் இருக்கிறாள். மகன் டயர் கடை வைத்திருக்கிறார். யோம் அவரிடம் விசாரித்தபோது, "அதுவா? அம்மாவே கழிப்பறையில போட்டுத் தண்ணி ஊத்திட்டாங்களாம். ஆஸ்பத்திரியில எழுதிக் கையெழுத்துக்கூட வாங்கினாங்க" என்று சொல்லியிருக்கிறார். கழிப்பறைக் குழாயில் போனதாகச் சொல்லப்பட்ட மெஷின், வெளிர்நீலத் தட்டில் விலையோடு உட்கார்ந்திருந்தது.

மகன் அன்றே புகார் கொடுத்தார். நீதிமன்ற உத்தரவு எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. திரட்டும் வேலை அக்காவுக்கும் எனக்கும்.

மூன்று கணக்கும் மூன்று பெயரில் இருந்தன. பணம் போய்ச் சேர்ந்த வங்கி எண் ஒன்றுதான். பார்சல் எல்லாம் ஒரே கடையில் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கடை மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரே. இதெல்லாம் வேலை, செய்துவிடலாம். எழுதிக்கொண்டதைப் படிப்பதுதான் முடியவில்லை.

வாங்குகிற ஒருத்தி கேட்டிருந்தாள்: "உள்ளே மஞ்சளா என்னமோ இருக்கே?"

"ஊசியால நோண்டினா வந்துடும்."

"சீ. அப்போ விலையைக் குறைங்க. செத்தவர் சாமான்தானே, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இன்னொருவன், எங்கோ மலிவாக வாங்கி வேறெங்கோ விற்கிறவன் போலிருந்தான். "இதே மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை வரும்" என்று பதில்.

அக்கா அந்த வரியில் நின்றுவிட்டாள். மீன் சந்தைக்காரன் சொல்வதுபோல, செவ்வாய்க்கிழமை வரும். அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதமும்.

"கேட்டவனுக்குத் தெரியும்" என்றாள். "தாத்தா செத்தாருன்னு விக்கிறவன்கிட்ட வேற இருக்கான்னு கேக்கிறான்னா, அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கியிருக்கான்." நாற்காலியை விட்டு எழுந்து கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வரும்போது முகம் ஈரமாக இருந்தது.

அந்த மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை, குளிப்பாட்டும் நாள்.

குளிக்கும் முன் காது மெஷினைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றி வாங்கி வைப்பவன் கோங் சோங்முக், ஐம்பத்தோரு வயது, முதியவர்களைக் குளிப்பாட்டும் ஆள். அந்த வங்கி எண்ணும் அவனுடையதுதான். யோம் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, வாங்குகிறவர் போல அவனுக்கு எழுதினார். செவ்வாய்க்கிழமை வரும் என்றே அவருக்கும் பதில் வந்தது. புதன்கிழமை நண்பகல், சுரங்க ரயில் நிலையத்தின் மூன்றாம் வாசலில் நேரில் தருவதாக ஒப்புக்கொண்டான். தலையைப் படிய வாரி, மேல்கோட்டுக்குள் மருத்துவமனைச் சட்டையோடு, கையில் காகிதப் பையோடு வந்தான். பிடித்தபோது ஓடவில்லை. "உணவு இடைவேளை முடியறதுக்குள்ள போகணும் சார், ஆளுங்க காத்திருப்பாங்க" என்றானாம்.

அவன் அலமாரியில் ஒரு கிம்சி டப்பா இருந்தது. அதற்குள் இன்னும் ஒன்பது காது மெஷின்கள். அடியில், காகிதக் கைக்குட்டையில் சுற்றி, பொய்ப்பல் வரிசைகள்; தங்கப்பல் வைத்தவை மட்டும். மருத்துவமனையின் கீழ்த்தளச் சுவரில், அந்த மாதத்தின் அன்பான ஊழியர் என்று அவன் படம் மாட்டியிருந்தது.

வாக்குமூலம் கொடுக்கப் போன அக்காவிடம் யோம் இன்னொன்றும் சொன்னார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் அலட்டிக்கொள்ளவே இல்லையாம். "அவங்களுக்கு ஏற்கெனவே ஒன்னும் புரியாது. கேட்டு என்ன பண்ணப் போறாங்க?" என்றானாம்.

"நான் பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன்மா. கத்தியோட வந்தவனைப் பார்த்திருக்கேன். இவன்கூட ஒரே அறையில உக்காந்திருக்கத்தான் எனக்கு முடியலை" என்றார் யோம்.

கிடைத்த மெஷின்களை உரியவர்களுக்குப் பொருத்த வேண்டியிருந்தது. எண் அழிந்துபோனவையும் சில இருந்தன. காது மெஷின் கடைக்காரர் ஒருவரை யோம் ஏற்பாடு செய்தார்; அக்காவும் வந்தால் நல்லது என்றார், கேட்காதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியும் என்பதால். சனிக்கிழமை அந்த மருத்துவமனைக்குப் போனோம். லைசால் வாடைக்கு அடியில் மூத்திர வாடை. கோங்கின் படத்தைக் கழற்றியிருந்தார்கள்; ஆணி மட்டும் இருந்தது.

க்வாக் புன்னே மறதி நோயாளிகளின் தளத்தில் இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்புவரை கீழ்த்தளத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவளாம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை, திடீரென்று கத்துகிறாள் என்று மேலே மாற்றிவிட்டார்கள். மணிக்கட்டில் துணிப்பட்டையின் தடம் இருந்தது. தூங்கவைக்க மாத்திரை. மகன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார், டயர் கரி படிந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அக்கா எதிரே உட்கார்ந்தாள். முதலில் தன் மெஷினைக் கழற்றிக் காட்டினாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். பிறகு கிழவியினுடையதைக் காட்டினாள். கடைக்காரர் அதைச் சுத்தம் செய்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தார். கிழவி அதைப் பிடுங்கினாள். தானே காதில் வைத்து, மோல்டை ஒரு திருகு திருகிப் பொருத்திக்கொண்டாள்.

"அம்மா" என்றார் மகன்.

"கேக்குது, கத்தாதே" என்றாள் அவள். எட்டு மாதத்தில் அவளிடமிருந்து அவருக்கு வந்த முதல் பதில் அதுதான். பிறகு எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். "குளிப்பாட்டுறவன்தான் எடுத்தான். அன்னிக்கே சொன்னேன். அந்த நர்ஸ்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்ட சொன்னேன், இவன்கிட்டயும் சொன்னேன். எல்லாரும் என்னமோ வாயை அசைச்சீங்க. அப்புறம் கையைக் கட்டினீங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னாங்க" என்றார் எங்களிடம், மிக மெதுவாக. "வயசானவங்க இப்படித்தான் யாரையாவது திருடன்னு சொல்லுவாங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நம்பிட்டேன்."

யோம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய குறிப்பேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை அக்காவிடம் நீட்டினார். ஏப்ரல் மாதத் தேதி. அழகான கையெழுத்து. "நோயாளிக்குத் திருட்டுப் பிரமை. ஊழியர் மேல் பழி சுமத்துகிறார். மருந்தின் அளவு கூட்டப்பட்டது."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். வாசலில் நின்ற தலைமை நர்ஸைப் பார்த்து, சத்தம் போடாமல் கேட்டாள். "இவங்க காதுல மெஷின் இல்லைங்கிறது உங்க யார் கண்ணுக்குமா தெரியலை?"

"எழுபது பேரைப் பாத்துக்கறோம். நீங்க வந்து ஒரு நாள் பார்த்தாத் தெரியும்" என்றாள் நர்ஸ்.

"அவன் பார்த்திருக்கானே. எழுபது பேர் காதையும் பார்த்திருக்கான்."

நர்ஸ் திரும்பி நடந்துவிட்டாள்.

அன்று ஏழு பேருக்குத்தான் பொருத்த முடிந்தது. மற்றவர்களில் சிலர் செத்துப் போயிருந்தார்கள். ஒன்றும் கேட்காமலே, புத்தி போய்விட்டது என்று எழுதப்பட்டு. அந்தக் குடும்பங்களில் ஒன்று மட்டும் வந்து மெஷினை வாங்கிக்கொண்டது. மற்றவர்கள், நீங்களே எறிந்துவிடுங்கள் என்றார்கள். ஏற்கெனவே விற்றுப்போனவற்றை வாங்கியவர்களுக்கும் போலீஸ் எழுதியது. ஐந்து பேர் திருப்பிக் கொடுத்தார்கள். "வேற இருக்கா?" என்று கேட்டிருந்தவன், தான் பணம் கொடுத்து வாங்கியதாகவும் ஆப்பில் தன் பேருக்கு இருக்கும் நம்பிக்கைப் புள்ளி குறைந்தால் வழக்குப் போடுவதாகவும் எங்கள் ஆப்புக்கே புகார் அனுப்பினான். அந்தப் புகாரும் அக்காவின் திரைக்குத்தான் வந்தது.

"இவன் மேல என்ன நடவடிக்கை எடுக்கணும்னு கேட்டிருக்காங்க. இந்த ஆப்ல அதுக்குப் பொத்தான் இல்ல இன்சுக்" என்றாள். ஆனால் அவன் எழுதியவை அத்தனையும் யோமிடம் இருந்தன. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கிய குற்றத்துக்கு அவன் மேலும் வழக்கு வந்தது.

போலீஸ் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பாராட்டுப் பலகை கொடுத்தது. தலைநகர் சியோலிலிருந்து யாரோ ஒரு மேலாளர் வந்து, புகைப்படத்துக்கு நின்று வாங்கிப் போனார். அக்காவுக்கு இரண்டு காபிக்கான கூப்பன் கைபேசியில் வந்தது. தாக் மட்டும் வெட்கப்பட்டு, அடுத்த வாரம் எங்கள் இருவருக்கும் தன் செலவில் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் மேலிடத்துக்கு எழுதி வைத்து, ஒரு விதியையும் மாற்றினார்: காது மெஷின், பொய்ப்பல், சக்கர நாற்காலி விளம்பரங்களைத் தூக்கும் முன், அதே ஆள் எத்தனை விற்றிருக்கிறான் என்று பார்க்க வேண்டும், மூன்றுக்கு மேல் போனால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். அவற்றைச் சரிபார்க்கும் மேசை இப்போது அக்காவுடையது. அந்த விதி வந்த நான்கு மாதத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு பேரைப் பிடிக்க அது உதவியிருக்கிறது. இரண்டு பேர் என்று சொல்லும்போது அவளுக்குப் பெருமை வருவதில்லை. "இன்னும் ரெண்டு பேர்" என்றுதான் சொல்வாள், அசிங்கத்தைக் காலில் மிதித்ததைப் பற்றிச் சொல்வதுபோல.

கோங்குக்கு ஒன்றரை வருடம் தண்டனை. தீர்ப்பன்று, குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று அழுதானாம். புன்னே அம்மாள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைக்கு மேல் மாடி. கீழே சக்கரத்தைக் கழற்றும் சத்தம் தாங்கவில்லை என்று மகனைத் திட்டுகிறாளாம்; அவர் அதை அக்காவுக்குச் செய்தியாக எழுதி அனுப்பினார், நன்றி என்ற சொல் இல்லாமல்.

மருத்துவமனைக்கு அபராதம் விழுந்தது. இரண்டு மாதத்தில் அது பெயரை மாற்றிக்கொண்டது. அதே கட்டிடம், அதே நர்ஸ்கள், வாசலில் புதுப் பலகை. உங்கள் பெற்றோர் எங்கள் பெற்றோர் என்று அதில் எழுதியிருக்கிறது. நாங்கள் வீட்டுக்குப் போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. பலகை வருவதற்கு ஒரு நிறுத்தம் முன்பே அக்கா எழுந்து எதிர்ப்பக்க இருக்கைக்குப் போய்விடுவாள். இடமில்லை என்றால் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள்.